பெயர் ஒன்று, பொருள் வேறு



வேற்று மாநிலத்தில் வாழும் நமக்குத் தெரியாத சொல்லால் பெரிய இடர் நேர்வதில்லை, கேட்டறிந்து கொள்கிறோம். தெரிந்த சொல்லை நம்பும்போதுதான் ஏமாற நேரிடுகிறது. மீன், மூலிகை ஆகியவற்றின் பெயர்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

மும்பைப் பக்கத்தில் 'இந்திய சால்மன்' என்று விற்கப்படும் மீன் 'ராவஸ்' ஆகும். நம் கடற்கரையில் அதற்குக் 'காலா' என்று பெயர். குளிர்நாட்டுச் சால்மனுக்கும் அதற்கும் குடும்ப உறவு இல்லை. மீனைப் பொறுத்தவரை இதனால் வரும் நஷ்டம் சுவையோடு போய்விடும். மருந்தில் அப்படியன்று.

'பிரம்மி'யை எடுத்துக்கொள்வோம். கேரளத்தில் இப்பெயர் நாம் நீர்ப்பிரமி என்னும் செடியைக் குறிக்கும். வங்காளத்தார் பிரம்மிக் கீரையெனச் சமைப்பதும் அதுவே. வட இந்தியப் பன்சாரி கடைகளிலோ, அப்பெயரைச் சொன்னால் பல இடங்களில் வல்லாரையைத் தருவார்கள். கன்னட, மராத்திய நாடுகளிலும் வல்லாரையைப் பிரம்மி என்போர் உண்டு.

இரண்டும் ஈரநிலத்தில் படர்பவை. இரண்டும் நினைவாற்றலுக்கு நல்லவை எனப் பழைய வைத்திய நூல்களில் புகழப்பட்டவை. குழப்பம் வளர்ந்ததில் வியப்பில்லை. ஆயினும் வல்லாரை கொத்துமல்லிக் குடும்பத்தது. நீர்ப்பிரமி வேறு குடும்பத்தது. இரண்டிலும் அடங்கிய சத்துகள் வேறு. ஆகவே, ஒன்றுக்குச் சொன்ன அளவையும் பக்குவத்தையும் மற்றொன்றுக்குக் கொள்ளலாகாது. இந்திய அரசின் ஆயுர்வேத மருந்து நூலும் நீர்ப்பிரமியைப் 'பிராஹ்மி' என்றும், வல்லாரையை 'மண்டூகபர்ணி' என்றும் பிரித்தே கூறுகிறது.

பச்சையாக இருப்பின் அடையாளம் எளிது. வல்லாரை இலை வட்டமாய், நீண்ட காம்புடன், ஓரம் அரும்பரும்பாக இருக்கும். நீர்ப்பிரமி இலை சிறியது. சதைப்பற்றுடன், காம்பின்றி, இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். பொடியாகிவிட்டாலோ கண் உதவாது. அப்போது துணைநிற்பது தாவரவியற் பெயரே. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் தாவரங்களுக்கு நிலைநாட்டிய இருசொற்பெயர் முறை எல்லா நாட்டுக்கும் பொதுவானது. 'பக்கோபா மொன்னியேரி' என்றால் நீர்ப்பிரமி; 'சென்டெல்லா ஆசியாட்டிகா' என்றால் வல்லாரை.

ஊரிலுள்ள பெரியோர் ஒரு மூலிகையைச் சொன்னால், அதன் இலையும் பூவும் எவ்வாறிருக்கும் என்பதையும் கேட்டுக்கொள்வோம். பொட்டலத்தின்மேல் அச்சிட்ட தாவரவியற் பெயரைப் பார்ப்போம். ஐயமிருப்பின் வைத்தியரிடம் காட்டாமல் குழந்தைகளுக்குக் கொடாதிருப்போம்.