பேருந்தின் பின்னால் யார்?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பையைத் தாண்டினால் சேரப்பணஞ்சேரி வரும். சற்றுத் தொலைவில் ஒரகடம். லாரி, பேருந்து, கார் ஆகியவற்றைச் செய்யும் பெரிய தொழிற்சாலைகள் அங்கே உள்ளன. ஆகவே இச்சாலையில் நீளமான வண்டிகளுக்குக் குறைவில்லை. இடம் போதாதபோது அவை பின்னோக்கி வந்துதான் திரும்பவேண்டும். அப்போது ஓட்டுநருக்குப் பின்புறம் எவ்வளவு தெரியும்?

ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? பேருந்தின் நேர் பின்னால் நிற்கும் குழந்தையிடமிருந்து வரும் ஒளியை வண்டியின் உடலே மறைத்துவிடுகிறது. பக்கக் கண்ணாடிக்கு அது எட்டுவதில்லை. மேலும், அக்கண்ணாடி பெரும்பாலும் குவியாடி. அது அதிக இடத்தைக் காட்டும்; ஆனால் பொருள்கள் சிறியனவாகவும் தொலைவில் இருப்பனபோலவும் தோன்றும்.

"வண்டி மெதுவாகத்தானே வருகிறது?" என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது நாம் நடக்கும் வேகம். அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர். யாராவது கூவி, ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு விநாடி கடந்தால், வண்டி அவ்வளவு தூரம் வந்துவிடும்!

2022 மார்ச்சில் சென்னையில் ஒரு பள்ளி வளாகத்திலேயே, பின்னோக்கி வந்த வேன் மோதி இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இறந்தான். அதன்பின் தமிழக அரசு 2012ஆம் ஆண்டின் பள்ளி வாகன விதிகளைத் திருத்தியது. முன்னும் பின்னும் கேமரா, பின்புறம் உணர்கருவி ஆகியவை கட்டாயமாயின.

வௌவால் இருட்டில் வழி அறிவதுபோல வேலை செய்யும் உணர்கருவிகள் உண்டு. அவை நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலிக்குக் காத்திருக்கும். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். எதிரொலி நூறில் ஒரு விநாடியில் திரும்பினால், ஒலி போய்வந்த தூரம் 3.4 மீட்டர். அப்படியானால் தடை 1.7 மீட்டர் தொலைவில் இருக்கிறது. உடனே எச்சரிக்கை ஒலிக்கும்.

விபத்து நேர்ந்தால் இழப்பீடு? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சாலையில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். வண்டியின் உரிமையாளர் முதல் நபர். காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் நபர். விபத்தில் பாதிக்கப்படும் வழிப்போக்கர் மூன்றாம் நபர். அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு விலக்கு அளிக்கலாம். ஆனால் அவை இழப்பீட்டுக்கென்று தனி நிதி வைத்திருக்கவேண்டும். எந்த நிதியிலிருந்து வந்தாலும் பணம் குடும்பத்தைத் தாங்குமே தவிர, போன உயிரை மீட்காது.

ஆகவே, பிறருக்கு ஆபத்தில்லை என்று உறுதி செய்துகொள்ளாமல் வண்டியைப் பின்னோக்கி ஓட்டக்கூடாது என்கிறது சாலை விதி. நம் நடத்துநர்கள் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறார்கள். கீழே இறங்கி, ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி ஓரமாக நின்று, "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுப்பார்கள். ஒரே விசில் என்றால், நில்!

உங்கள் பள்ளிப் பேருந்து எஞ்சின் அணைந்து நிற்கும்போது, ஆசிரியர் துணையுடன் ஒரு சோதனை செய்யுங்கள். பின்புறம் தரையில் ஒரு புத்தகப்பையை வையுங்கள். அது கண்ணாடியில் தெரிகிறதா என்று ஓட்டுநரைக் கேளுங்கள். அவருடைய பதிலைக் கேட்டபின், பேருந்தின் பின்னால் நிற்க உங்களுக்கு மனம் வராது.