கம்பைக் கீழே வைத்த நாள்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் நம் முன்னோர்க்கு இராமாநுசர் அவதரித்த தலம் என்பதே நினைவுக்கு வரும். இற்றை நாளிலோ, அவ்வூர் முதல் ஒரகடம் வரை சாலையின் இருமருங்கும் தொழிற்சாலைகளே நிறைந்துள்ளன. அவற்றில் முறைவேலை பார்க்கும் இளைஞர் சிலரும் மாணவர் சிலரும் ஒரகடத்தை அடுத்த ஒரு கொட்டகையில் மாலைதோறும் சிலம்பம் பயில்கின்றனர். யாமும் மூன்றாண்டுகளாக ஆங்குக் கம்பு சுழற்றி வருகின்றோம். தென் மாவட்டத்து முதிய ஆசான் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையொன்றில் அங்கு வந்து பகல் முழுதும் பயிற்சி அளித்தார். இத்தகைய பயிற்சியால் விளைவது யாது என்பதைக் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

சிலம்புதல் என்பதற்கு ஒலித்தல் என்பது பொருள். கம்பு காற்றைக் கிழித்தெழுப்பும் ஒலியால் இக்கலை அப்பெயர் பெற்றது என்பர். 2024 ஜனவரியில் நம் மாநிலத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. பார்ப்போர் கண்ணைக் கவர்வது சுழலும் கம்பே. காலை நோக்குவார் அரியர். யாமும் புதிய வீச்சுகள் சில கற்கலாம் என்னும் ஆசையோடுதான் விடியற்காலையிலேயே சென்று நின்றோம்.

ஆசான் முதலிற் கூறியது, "கம்புகளைச் சுவரோரம் சாத்திவிடுங்கள்" என்பதே. பின்னர்த் தரையிற் சுண்ணக்கட்டியால் முக்கோணங்கள் வரைந்து, அவற்றின் முனைகளில் அடிவைத்து நடக்கச் செய்தார். ஒரு மணி நேரம் கழிந்தது, இரண்டும் கழிந்தன. சான்றிதழ் கிடைக்கும் என்று வந்த இருவர் நண்பகல் உணவோடு போய்விட்டனர். (படிநிலையும் பட்டமும் போர்க்கலைகளில் தொன்றுதொட்டு வருவன எனப் பலர் எண்ணுவர். ஜப்பானில் 1882-இல் ஜூடோக் கூடம் நிறுவிய கானோ ஜிகோரோ என்பாரே 'டான்' என்னும் படிநிலையைப் போர்க்கலைக்குள் முதன்முதற் கொணர்ந்தவர்.)

நடையில் என்ன இருக்கின்றது என்று வினவலாம். கம்பின் அடியைப் பற்றிய கை ஒரு சாண் அசையின், முனை பல சாண் தூரம் பாய்கின்றது. ஆயின் அவ்வசைவுக்குரிய வலிமை கையிற் பிறப்பதன்று. பாதம் தரையை உந்த, அவ்வுந்தல் இடுப்பு வழியே தோளுக்கேறிக் கைக்கு வருகின்றது. கால் பிறழ்ந்து நிற்பவன் கையால் மட்டுமே வீசுவான்; அவன் தோளும் முழங்கையும் விரைவில் நோவெடுக்கும்.

எம் முறை வந்தது. ஆசான் எம் முகத்தை நோக்கவேயில்லை. தரையிற் குந்தி எம் வலக்காலையே உற்றுப் பார்த்தார். திரும்புங்கால் எம் குதிங்கால் தரையோடு ஒட்டி நின்றது. பாதம் சுழலாது உடல் மட்டும் திரும்பின் அத்திருகல் முழங்கால் மூட்டைச் சென்று தாக்கும். ஆறு திங்களாக எமக்கு முழங்கால் நோவு இருந்தது. எட்டு மணி நேரம் தொழிற்சாலையில் நின்று வேலை செய்வதே அதற்குக் காரணம் என எல்லோரிடமும் சொல்லி வந்தோம்!

"இதை உங்கள் வாத்தியார் சொல்லவில்லையா?" என்றார் ஆசான்.

எம் வாத்தியார் அப்போது மூலையில் தண்ணீர்க் குடத்தருகே நின்றார். முதல் ஆண்டிலிருந்தே, "குதிங்காலை எடு தம்பி" என்று அவர் கூறாத மாலை இல்லை. நாள்தோறும் கேட்ட குரலாதலின் அது எம் செவியில் ஏறவில்லை. ஒரு நாள் வந்தவர் சொன்னதும் ஏறிற்று. "சொன்னார் ஐயா, நாங்கள்தான் கேட்கவில்லை" என்று விடையிறுக்க எமக்கு நா எழுவது அரிதாயிற்று. வாத்தியார் வாய் திறவாது குடத்தில் நீர் மொண்டு ஆசானிடம் நீட்டினார்.

இத்தகைய பயிற்சிக்குச் செல்லும் மாணவர், உடலில் நோவிருப்பின் முன்னரே ஆசானிடம் உரைத்தல் வேண்டும். வந்தவரிடம் தம் வல்லமையைக் காட்ட முனைதல் ஆகாது. கற்றதை அன்றிரவே குறித்துக்கொள்ளல் நலம். எம் குறிப்பேட்டில் அன்று எழுதியது ஒரே வரி. அதுவும் வாத்தியாருடைய பழைய வரியே.

செவ்வாய் மாலை மறுபடியும் கூடினோம். சுண்ணக்கட்டி கொணர எவரும் நினையாமையால், செங்கற் துண்டொன்றால் முக்கோணம் வரைந்துகொண்டோம். வாத்தியார் குந்தி எம் காலைப் பார்த்தார்.