மீள்பயன் கூறுகள்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகர நாளிதழ் ஒன்றின் இணையப் பிரிவினர் 2003ஆம் ஆண்டில் ஒரு நெருக்கடியை எதிர்கொண்டனர். செய்தித்தளத்திற்கு வேண்டிய புதிய வசதிகளைக் குறுகிய காலத்தில் உருவாக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து நிரல் எழுத நேரம் இடந்தரவில்லை. எனவே, பொதுவான பகுதிகளைப் பிரித்தெடுத்து ஒரு சட்டகமாக அமைத்தனர். பைத்தான் மொழியில் அமைந்த அச்சட்டகமே ஜாங்கோ. 2005இல் அது திறமூல மென்பொருளாக வெளியிடப்பட்டது.

கூறு என்பது யாது?

ஜாங்கோவில் முழு இணையதளத்தைத் ‘திட்டப்பணி’ என்றும், அதில் ஒரு பணியைச் செய்யும் பகுதியைச் ‘செயலி’ என்றும் குறிப்பிடலாம். வாக்கெடுப்பு நடத்தும் செயலியைச் சான்றாகக் கொள்வோம். வினாக்களைச் சேமிக்கும் தரவமைப்பு, வாக்குகளை எண்ணும் நிரல், முடிவைத் திரையில் காட்டும் வார்ப்புரு ஆகியன அதனுள்ளேயே அடங்கும். செயலியை நிறுவி, அமைப்புக் கோப்பின் பட்டியலில் அதன் பெயரைச் சேர்த்து, இணைய முகவரியை இணைத்து, தரவுத்தள அட்டவணைகளை உருவாக்க வேண்டும். அதன்பின் பள்ளித் தளத்திலும் நூலகத் தளத்திலும் அதே செயலி இயங்கும்.

நல்ல கூறின் இயல்புகள்

நல்ல கூறு ஒரு பணியை மட்டும் செவ்வனே செய்யும். பள்ளியின் பெயரையோ நிறத்தையோ நிரலுக்குள் எழுதிவிட்டால், அது நூலகத்திற்குப் பயன்படாது. ஆகவே, மாறக்கூடியவற்றை வெளியிலிருந்து அமைத்துக்கொள்ள வழிவிட வேண்டும். பயன்பாட்டு விளக்கம், சோதனை நிரல்கள், உரிமம் ஆகியனவும் உடனிருக்க வேண்டும். பதிப்பெண்ணை மூன்று பகுதிகளாக எழுதுவது பரவலான வழக்கம். அவற்றுள் முதல் எண் மாறினால், பழைய பயன்பாட்டுமுறை இனிப் பொருந்தாமல் போகலாம் என்பது பொருள்.

பதினொரு வரிகள்

பிறர் எழுதிய கூற்றைச் சார்ந்திருப்பதில் இடரும் உண்டு. ‘லெஃப்ட்-பேட்’ என்பது, எழுத்துத் தொடரின் இடப்பக்கத்தை நிரப்பும் 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரல். 2016 மார்ச் மாதத்தில், அதை எழுதியவர் என்பிஎம் என்னும் பொதுத் தொகுப்பகத்திலிருந்து அதனை விலக்கிக்கொண்டார். நேரடியாகவோ மறைமுகமாகவோ அதைச் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள்களை நிறுவ இயலவில்லை. தம் மென்பொருளுக்குள் அப்படியொரு கூறு இருப்பதையே பலர் அன்றுதான் அறிந்தனர். சில மணிநேரத்தில் அந்நிரல் மீட்கப்பட்டது. கூறுகளை விலக்கிக்கொள்வதற்கான விதிகளும் கடுமையாக்கப்பட்டன.

மீள்பயன் உழைப்பைக் குறைக்கிறது, பொறுப்பைக் குறைப்பதில்லை. ஒரு கூற்றைப் பயன்படுத்துவோர் அதன் உள்ளடக்கத்தையும் அது சார்ந்துள்ள பிற கூறுகளையும் அறிந்திருக்க வேண்டும். அதனை வெளியிடுவோரோ, முன்பின் அறியாதவர்களின் பணியும் தம் நிரலைச் சார்ந்திருக்கிறது என்பதை உணர்ந்து செயல்பட வேண்டும்.