மேடுபள்ளத்தில் ஓடும் நாற்சக்கர மோட்டார் வண்டி: உழைப்புக்கும் மலைத்தடத்துக்கும் ஏற்றதைத் தெரிந்தெடுக்கும் முறை

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் சுழி பார்த்து, பல் பார்த்து, நடத்திப் பார்த்து, அதன் பின்னரே விலை பேசுகிறார். யந்திரம் வாங்கச் செல்பவரோ பெரும்பாலும் அதன் வர்ணத்தையும் சப்தத்தையும் கண்டு மயங்கி வாங்கிவிடுகிறார். மாடு பொருந்தாவிடில் அடுத்த சந்தையில் மாற்றிக்கொள்ளலாம். பொருந்தாத மோட்டார் வண்டியோ பெரும் பண நஷ்டத்தை உண்டாக்குவதுடன், சரிவான நிலத்தில் உயிருக்கே கேடு விளைவித்துவிடும். மலைத்தோட்டம், தோப்பு, மேய்ச்சல் நிலம் உடைய நிலச்சுவான்தார்களில் சிலர் ஏ.டி.வி. அல்லது குவாட் பைக் என வழங்கும் வண்டியைப்பற்றி அடிக்கடி விசாரிப்பதால், அதைத் தெரிந்தெடுக்கும் முறை இங்கே சுருக்கமாக விளக்கப்படுகிறது.

இவ்வண்டி இன்னதென்பது

காற்றழுத்தம் குறைந்த நான்கு பருத்த டயர்கள், குதிரைச் சேணம்போல் இருபுறமும் கால் போட்டு அமரும் ஆசனம், சைக்கிளுக்கு உள்ளது போன்ற கைப்பிடி, கட்டைவிரலால் அழுத்தும் வேக விசை ஆகிய இவையே இதன் அடையாளங்கள். சாதாரண மோட்டார் சைக்கிள் டயரில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 ராத்தல் இருக்க, இவ்வண்டியின் டயரில் பெரும்பாலும் 4 முதல் 7 ராத்தல் வரையே இருக்கும். ஆகையால் டயர் தரையில் அகலப் பதிந்து, சேற்றிலும் மணலிலும் புதையாமல் செல்கிறது.

ஜப்பான் தேசத்து ஹோண்டா கம்பெனியார் 1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த மூன்று சக்கர வண்டியே இவ்வகைக்கு முன்னோடி. மூன்று சக்கர வண்டி திருப்பங்களில் எளிதிற் கவிழ்ந்து அநேகர் மாண்டமையால், 1988-ஆம் ஆண்டில் அரசாங்கத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அதன் விற்பனை அந்நாட்டில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே சுஸுகி கம்பெனியார் 1982-ஆம் ஆண்டில் நாற்சக்கர வண்டியை வெளியிட்டிருந்தனர். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வகை 1986-ஆம் ஆண்டளவில் வந்தது. நியூஜீலந்து, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களின் ஆட்டுப் பண்ணைகளில் குதிரை செய்துவந்த வேலையை இவ்வண்டி ஏற்றுக்கொண்டது. அங்கே குடியானவர் தம் நாயைப் பின் தட்டில் ஏற்றிக்கொண்டு மந்தை திருப்பவும், வேலி பழுது பார்க்கவும், களைக்கொல்லி தெளிக்கவும் இதனையே உபயோகிக்கின்றனர்.

முதலிற் கேட்கவேண்டிய கேள்வி

இவ்வண்டி உழவுக்கு உரியதன்று. இதன் எடை ஏறக்குறைய 300 கிலோ மட்டுமே. கலப்பை இழுக்கவும் சேறடிக்கவும் வேண்டிய பிடிப்பு இதற்கு இல்லை. சில ஏக்கர் நன்செய் மட்டும் உடையவர்களுக்கு இதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. அவர்கள் பணத்தைப் பவர் டில்லரிலோ கிணற்றிலோ போடுவதே நலம். ஜீப் ஏற இயலாத தடங்கள், தொலைவில் பிரிந்து கிடக்கும் பாத்திகள், நாள்தோறும் சுமந்து செல்லவேண்டிய சிறு பாரங்கள் ஆகிய மூன்றும் உள்ள இடத்திலேதான் இவ்வண்டி தன் விலைக்கு உழைக்கும்.

ஆகவே வாங்குமுன் ஒரு காகிதத்தில், ஒரு வாரத்தில் இவ்வண்டிக்கு உள்ள வேலை என்னென்ன, எவ்வளவு தூரம், எவ்வளவு பாரம், எத்தகைய தரை என்பவற்றை எழுதிக்கொள்க. அக்காகிதமே வண்டியைத் தெரிந்தெடுக்கும். கடைக்காரர் தெரிந்தெடுக்க வேண்டியதில்லை.

மூவகை வண்டிகள்

1. பந்தய வகை. இலேசானது, வேகம் மிகுந்தது. பாரத் தட்டு இல்லை. பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். நாம் அறிந்த மலைத்தோட்டம் ஒன்றில் இளைஞர் விருப்பத்துக்கிணங்க இவ்வகை வாங்கப்பட்டது. ஓர் உர மூட்டையையும் அதில் வைத்துக் கட்ட இடமில்லை. ஒரு பருவம் சவாரிக்கு உதவியபின், அது கொட்டகையில் தார்ப்பாயின் கீழ்க் கிடந்தது. விவசாயத்துக்கு இவ்வகை ஆகாது.

2. உழைப்பு வகை. முன்னும் பின்னும் இரும்புத் தட்டு, இழுவைக் கொக்கி, தாழ்ந்த கியர், நான்கு சக்கர இழுவை ஆகியவை உடையது. ஏறக்குறைய 4 அடி அகலமே உள்ளதால் மலைத்தடத்திலும் நுழையும். வேலைக்கும் தடப் பிரயாணத்துக்கும் ஒரே வண்டி வேண்டுவோர் இதனையே நாடவேண்டும்.

3. பக்க ஆசன வகை. இருவர் அருகருகே அமர்ந்து, சக்கரத் திருப்பியும் ஆசனப் பட்டையும் மேற்கூண்டும் உடைய சிறு வண்டி. பாரம் அதிகம் ஏற்றலாம். தோட்டத்தில் ஆள் ஏற்றிச் செல்லவேண்டிய தேவை இருப்பின், உழைப்பு வகையை விட்டு இதனை வாங்குவதே ஒழுங்கு. ஆனால் அகலம் மிகுதியாதலால் குறுகிய தடத்தில் செல்லாது.

உறுப்புகளிற் கவனிக்கவேண்டியவை

என்ஜின்: வேலைக்கும் சவாரிக்கும் 400 முதல் 570 கன சென்டிமீட்டர் வரை உள்ளது போதுமானது. இதற்கு மேற்பட்ட சக்தி வேகத்துக்கு உதவுமேயன்றிப் பாரத் தட்டின் எல்லையைப் பெரிதும் உயர்த்துவதில்லை. தெளிப்பு வேலையில் வண்டி மணிக்கணக்காக மெதுவாகச் செல்வதால் காற்று வீச்சு குறைந்து என்ஜின் சூடேறும். ஆகையால் விசிறியுடன் கூடிய ரேடியேட்டர் உள்ளதே சிறந்தது. பூச்சிப் புல்லும் சேறும் ரேடியேட்டரை அடைத்துவிடாமல் வாரந்தோறும் கழுவவேண்டும்.

கியர்: சில வண்டிகளில் பற்சக்கர கியரும், பலவற்றில் ரப்பர் பெல்ட்டும் சக்தியைக் கடத்துகின்றன. பெல்ட் வண்டி பழகுவதற்கு எளிது. எனினும் பெல்ட் அறைக்குள் தண்ணீர் புகுந்தால் நழுவும். பெரும் பாரத்தை உயர்ந்த கியரில் இழுத்தால் கருகும். எவ்வகையாயினும் தாழ்ந்த கியர் இருத்தல் அவசியம். மேலும், இறக்கத்தில் விசையை விட்டவுடன் என்ஜினே வண்டியைத் தடுத்து நிறுத்துகிறதா என்று ஓட்டிப் பார்த்து அறியவேண்டும். அவ்வாறு தடுக்காத வண்டியில் முழுப் பளுவும் பிரேக்கின்மீதே விழும். மழைக்காலத்து மலை இறக்கத்தில் அது பெரும் அபாயம்.

பின்னச்சும் தொங்கலும்: ஒரே உருளையான பின்னச்சு உள்ள வண்டி உறுதியானது, பாரம் ஏற்றினால் அதிகம் தாழாது, பழுதும் குறைவு. ஆனால் அச்சின் நடுப்பகுதி தரைக்கு நெருங்கியிருப்பதால் கல்லிலும் மரவேரிலும் தட்டும். சக்கரந்தோறும் தனித் தொங்கல் உள்ள வண்டி உயர்ந்து நிற்கும். கரடுமுரடான தடத்தில் உடம்பு அலுக்காது. ஆனால் உறுப்புகள் மிகுதியாதலால் செலவும் மிகும். மண் தடமும் இழுவை வேலையும் மிகுந்தோருக்கு முன்னதும், கல் தடமும் நெடுந்தூரமும் உடையோர்க்குப் பின்னதும் ஏற்றவை.

பாரம்

விபத்துக்கள் பலவற்றுக்கு வித்து இங்கே இருக்கிறது. நடுத்தர வண்டிகளில் முன் தட்டு 30 முதல் 50 கிலோ வரையும், பின் தட்டு 60 முதல் 100 கிலோ வரையும் தாங்குமாறு செய்யப்படுகின்றன. 100 லிட்டர் தெளிப்புத் தொட்டியில் தண்ணீர் மட்டும் 100 கிலோ. தொட்டி, பம்பு, சட்டம் இவற்றின் எடை தனி. இதனைப் பின் தட்டில் வைத்து மேட்டில் ஏறினால் முன் சக்கரங்கள் இலேசாகித் தரையை விடும். வண்டி ஓட்டுபவர்மீது பின்புறமாகப் புரளும். அன்றியும் பாதி நிறைந்த தொட்டியில் தண்ணீர் அலைந்து, சரிவின் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடும். ஆகையால் 50 லிட்டர் தொட்டியே வண்டிமீது வைக்கத் தக்கது; அதுவும் உட்தடுப்பு உள்ளதாயிருக்கவேண்டும். அதற்கு மேல் வேண்டுமாயின் டிரெய்லர் பூட்டுக.

தட்டுகளுக்கு உரிய எல்லையுடன், வண்டி தாங்கும் மொத்தப் பாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதில் ஓட்டுபவரின் எடையும் சேரும். உதாரணமாக மொத்த எல்லை 200 கிலோ என்று கொள்வோம். ஓட்டுபவர் 75 கிலோ, நிறைந்த சிறு தொட்டி 65 கிலோ, முன் தட்டில் கருவிகள் 25 கிலோ. ஆக 165 கிலோ. மீதி 35 கிலோ. இதில் இன்னொருவரை ஏற்ற இடமில்லை என்பது கணக்கிலேயே விளங்கும். மேலும் இவ்வண்டியை நிலைநிறுத்துவதில் பாதி, ஓட்டுபவர் தம் உடம்பை முன்னும் பின்னும் பக்கமும் சாய்ப்பதனால் ஆவது. பின்னால் ஒருவர் அமர்ந்துவிட்டால் அவர் அசைய முடியாது. ஒருவருக்கென்று செய்த வண்டியில் ஒருவரே செல்லவேண்டும்.

டிரெய்லரின் எடையும் பாரமும் சேர்ந்து வண்டியின் எடைக்கு மேற்படின், இறக்கத்தில் அது வண்டியைப் பின்னிருந்து தள்ளும். இழுக்கும் திறன் எவ்வளவு என்று விளம்பரத்தில் உள்ளதைச் சமதரைக்கு மட்டுமே கொள்க.

சரிவும் கவிழ்தலும்

ஆஸ்திரேலியாவில் இவ்வண்டிகளால் ஆண்டுதோறும் சராசரியாகப் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டுவந்தனர். அநேகர் தம் சொந்தப் பண்ணையிலேயே, கவிழ்ந்த வண்டியின் கீழ் அகப்பட்டு இறந்தவர்கள். ஆகவே அந்நாட்டு அரசாங்கம் 2019-ஆம் ஆண்டில் விதியொன்று செய்தது. அதன்படி 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 11 முதல், பொது உபயோகத்துக்கு விற்கப்படும் புது வண்டி ஒவ்வொன்றுக்கும் ஓட்டுபவரைக் காக்கும் வளைவுக் கம்பி இருக்கவேண்டும். சாய்மேடையில் வைத்துச் சோதிக்கும்போது 28.8 பாகைச் சரிவுவரை அது பக்கவாட்டில் கவிழாமல் நிற்கவும்வேண்டும். கவிழும் கோணம் எழுதிய சீட்டும் வண்டியில் தொங்கவேண்டும். இதற்கிணங்காத சில பெருங்கம்பெனிகள் அந்நாட்டில் இவ்வகை விற்பனையையே விட்டுவிட்டன.

28.8 பாகை என்பதைக் குடியானவர் தம் நிலத்திலேயே அளந்துகொள்ளலாம். 1 மீட்டர் நீளமுள்ள நேரான கழியை, ரசமட்டம் வைத்துச் சமமாகப் பிடித்து, ஒரு நுனியைச் சரிவின் மேல்பக்கம் தரையில் ஊன்றுக. மறு நுனியிலிருந்து தரைக்குத் தூக்குக் குண்டு விடுக. நூலின் நீளம் 55 சென்டிமீட்டராயின் சரிவு 28.8 பாகை. இது அசையாத வண்டிக்குரிய சோதனை. ஓடும்போது ஒரு கல்லோ எலி வளையோ போதும், அதற்குக் குறைந்த சரிவிலும் கவிழ்த்துவிடும். ஆகையால் நூல் 27 சென்டிமீட்டருக்கு மேற்படும் சரிவில் குறுக்காக ஓட்டாதிருத்தலே விவேகம். வண்டியின் கையேட்டில் இதனிலும் குறைந்த எல்லை சொல்லியிருப்பின் அதனையே கொள்க. அவ்வாறான சரிவே நிலத்தில் மிகுதியெனின், எவ்வளவு நல்ல வண்டியும் அந்நிலத்துக்கு ஏற்றதன்று. கோவேறு கழுதையும் மனிதத் தோளுமே அங்கே உரியவை.

வளைவுக் கம்பியை நம் நாட்டில் வாங்குவோரும் கேட்டு வாங்கிப் பொருத்துவது நலம். ஆனால் அது தலைக்கவசத்துக்குப் பதிலாகாது, இரண்டும் வேண்டும்.

சிறுவர்

பதினாறு வயது நிரம்பாதவர் பெரிய வண்டியை ஓட்டலாகாது என்பது மேலை நாடுகளில் செய்வோரே வண்டிமீது பொறித்துள்ள எச்சரிக்கை. சிறுவனுக்குச் சரிவில் வண்டியைச் சமன் செய்யும் எடையும் இல்லை, நிதானமும் இல்லை. சாவியை ஆணியில் மாட்டாமல் பெட்டியில் வைத்துப் பூட்டுக.

சட்டம்: கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்துக்கு

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, அடைப்புள்ள இடத்துக்குள் மட்டுமே ஓடுவதற்கென்று அமைந்த விசேஷ வாகனம் மோட்டார் வாகனம் என்பதில் அடங்காது. அவ்வாறன்றிப் பொதுச் சாலையில் ஓடவேண்டுமாயின் பதிவும், இன்ஷூரன்ஸும், ஓட்டுபவருக்கு லைசென்ஸும் வேண்டும். பொலாரிஸ் கம்பெனியார் 2021-ஆம் ஆண்டில் ட்ராக்டர் வகையிற் பதிவு செய்யத்தக்க வண்டியொன்றை இந்தியாவில் வெளியிட்டனர். மற்றவற்றை வாங்குவோர், பதிவுக்குரியதா என்பதை விற்பவரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறவேண்டும். தோட்டத்தின் இரு பகுதிகளுக்கு நடுவே பஞ்சாயத்துச் சாலை குறுக்கிட்டாலும் இக்கேள்வி எழும்.

மலைத்தடச் சவாரியோ சொந்த நிலத்திலும் அனுமதி பெற்ற தடங்களிலும் மட்டுமே தக்கது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஓடையைக் கடக்கவேண்டின் கற்படுகை உள்ள ஒரே துறையிற் கடக்கவேண்டும். மழை ஈரத்தில் டயர் கீறிய தடமே அடுத்த பருவத்தில் மண்ணை அரிக்கும் ஓடையாகிறது.

வாங்கும் நாளில்

கடை முற்றத்துச் சிமெண்டுத் தரையில் ஓட்டிப் பார்ப்பதால் ஒன்றும் விளங்காது. பெரும்பாலான வண்டிகளில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்திற் சுழல்வதால், கெட்டித் தரையில் திரும்புவது எல்லாவற்றிலும் கடினமாகவே தோன்றும். வண்டியைத் தம் நிலத்துக்கே வருவித்து, வழக்கமான பாரத்தை ஏற்றி, வழக்கமான ஏற்றத்திலும் இறக்கத்திலும் மெதுவாக ஓட்டிப் பார்க்கவேண்டும். பெல்ட், பிரேக் கட்டை, காற்று வடிகட்டி, டயர் ஆகிய நான்கும் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் வரும் என்று கேட்கவேண்டும். அறுவடை நாளில் ஒரு பெல்ட்டுக்காக இரு வாரம் காத்திருக்கும் வண்டி, வண்டியில்லாமைக்குச் சமானம்.

வேலைக்கு ஏற்ற வண்டி சவாரிக்கும் போதும். சவாரிக்கென்றே வாங்கிய வண்டி வேலைக்குப் போதாது. இவ்வொன்றை மனத்திற் கொண்டு, பாரத்தைக் கணக்கிட்டு, சரிவை அளந்து வாங்குவோர் ஏமாறமாட்டார்கள்.