கட்டைவிரல் பூட்டிய தோண்டு இயந்திரமும் சீமைக் கருவேலும்

தரிசு நிலங்களிலும் ஏரி உட்பரப்புகளிலும் அடர்ந்துள்ள சீமைக் கருவேலை வேரோடு அகற்றுவதற்கு, கிராமங்களில் ஹிட்டாச்சி என்று வழங்கும் தோண்டு இயந்திரம் பலராலும் வாடகைக்கு அமர்த்தப்படுகின்றது. (எக்கம்பெனி செய்ததாயினும் பெயர் அதுவே.) வெறும் பக்கெட்டைக் கொண்டு மரத்தை இழுப்பின், பிடி நழுவி மரம் முறிந்து, தூர் மண்ணிலேயே தங்கிவிடும். 1877-இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட இம்மரமோ, தரைக்குச் சற்றுக் கீழேயுள்ள தூரினின்று மீண்டும் தழைக்கும் இயல்புடையது. அத்தூர் எஞ்சினால், மணிக்கணக்கில் கொடுத்த வாடகை வீணென்றே கொள்ளவேண்டும்.

இதன்பொருட்டே கட்டைவிரல் என்னும் உபகருவி ஏற்பட்டது. இது இயந்திரக் கையின் உட்புறத்தில், பக்கெட்டுக்கு எதிராகப் பொருத்தப்படும் இரும்பு விரல்களாகும். ஒருவகையில், துளைகளுள்ள தாங்குகோலில் பின் செருகி, அதன் கோணம் முன்னதாகவே நிலைநிறுத்தப்படும். மற்றொருவகை ஹைட்ராலிக் சிலிண்டரால் இயங்குவது. முதல்வகையில் பின்னை மாற்றுமுன் பக்கெட்டைத் தரையில் இறக்கி எஞ்சினை நிறுத்துதல் அவசியம். பிடிக்கவேண்டிய தூரின் பருமனுக்கேற்பத் துளையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு பக்கெட்டை மெதுவாக முழுதும் மடக்கிப் பார்க்கவேண்டும்: விரல்நுனிகள் பக்கெட்டின் பற்களோடு மோதாமல் நேராகவோ, பற்களின் இடையிலோ சேர்தல் நலம், பக்கெட்டின் பக்கத்தகட்டையோ எண்ணெய்க் குழாய்களையோ எவ்விடத்தும் தொடலாகாது.

ஹைட்ராலிக் வகையில் கவனிக்கவேண்டியது வேறு. பக்கெட் சிலிண்டரின் வலிமை பெரும்பாலும் விரலின் வலிமையினும் மிகுதி. ஆகையால் பக்கெட் நெருக்கும்போது விரல் சற்றுப் பின்வாங்குமாறு, அதன் குழாயில் அழுத்தத் தணிப்பு வால்வு சரியான அளவில் வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இன்றேல் சிலிண்டர்த் தண்டு வளையும். இவ்வால்வைத் திருத்துதல் மெக்கானிக்கின் வேலை. ஓட்டுநர் தாமாகத் திருகுதல் தகாது.

வேலையின்போது முதலில் விரலை மடக்கி வைத்துக்கொண்டு, தூரைச் சுற்றி மூன்று புறமும் ஓரடிக்குக் குறையாமல் மண்ணைத் தோண்டிப் பக்கவேர்களை அறுக்கவேண்டும். அதன்பின் தூரைத் தாழப் பிடித்து, பக்கெட்டை உள்மடக்கியும் கையை மெல்ல உயர்த்தியும் கெல்லுக. விரல் பிடித்துக்கொள்வதற்கேயன்றி நெம்புவதற்கன்று. பக்கவாட்டில் இயந்திரத்தைத் திருப்பி இழுப்பதும் கூடாது. விரலைத் தாங்கும் வெல்டிங் விள்ளுவது பெரும்பாலும் இவ்விரண்டு பிழைகளாலேயே. வேரில் ஒட்டிய மண்ணைக் குழிக்கு மேலேயே உதறிவிடுவது நன்று. வளமான மேல்மண்ணை விறகோடு ஏற்றி அனுப்புவதில் யாதொரு லாபமுமில்லை.

கை நீள நீளத் தூக்கும் திறன் குறையுமாதலின், சுமையைத் தாழ்வாகவும் அருகிலும் வைத்தே நகரவேண்டும். சுழலும் எல்லைக்குள் விறகு பொறுக்குவோர் எவரும் நிற்கவிடலாகாது. மின்கம்பிகளின் அருகில் வேலை செய்வதாயின், மின்வாரியத்தாருக்கு அறிவித்து மின்சாரத்தை நிறுத்திய பின்னரே தொடங்குக. பிடித்த மரத்தை அந்தரத்தில் விட்டு ஓட்டுநர் இறங்குதல் ஒருபோதும் கூடாது.

ஏரிக்கரையின்மேல் நிற்கும் மரங்களைக் குறித்துக் கிராம அதிகாரிகள் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். அவற்றைக் கெல்லிய குழிகளை அப்படியே விட்டால், மழைக்காலத்தில் நீர் கசிந்து கரை உடையக்கூடும். எனவே உரிய அனுமதி பெற்ற பின்னரே அங்கு இயந்திரத்தை ஏற்றி, அன்றன்றே குழிகளைப் படிப்படியாக மண்ணிட்டுத் திமிசு போட்டு இறுக்கவேண்டும். ஆடுமாடுகளின் சாணத்தால் பரவிய விதைகள் அடுத்த மழையில் முளைக்கும். அக்கன்றுகளை ஈரம் காயுமுன் கையாலேயே பிடுங்கிவிடலாம்.