தளர்வு வேறு, தள்ளுபடி வேறு!



வெளிநாட்டுச் சரக்கை இறக்குபவர்கள் சுங்கத்துறையில் கணக்குக் காட்டித்தான் எடுக்க முடியும். சில சரக்குகளுக்கு முத்திரைத்தாளில் பத்திரமும் எழுதித் தர வேண்டும். 2020 மார்ச் 25-ல் கொரோனா ஊரடங்கு வந்ததும் முத்திரைத்தாளும் கிடைக்கவில்லை, நோட்டரியும் கிடைக்கவில்லை. பத்திரம் இல்லேன்னா சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும், வாடகை ஏறும்.

என்ன செய்தார்கள்? ஏப்ரல் 3-ல் மத்திய சுங்க வாரியம் ஒரு தளர்வு தந்தது. உற்பத்தியாளர்கள், அரசு நிறுவனங்கள் போன்ற சிலர் வெள்ளைத்தாளில் உறுதிமொழி கொடுத்தாலே போதும் என்றது. ஆனால் பத்திரமே வேண்டாம்னு சொல்லவில்லை. கெடு வைத்து, பிறகு கொடுக்கச் சொன்னது.

நம்ம கடனுக்கும் இதே கதைதான். அதே மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி 3 மாதத் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை.

புயல், வெள்ளத்தால் குழுக்கூட்டம் நடக்காவிட்டால், வரவு செலவை வெள்ளைத்தாளில் எழுதி கையெழுத்து வாங்கி வைப்போம். அடுத்த கூட்டத்திலேயே பதிவேட்டில் ஏற்றுவோம். எந்தத் தளர்வு வந்தாலும் 3 கேள்வி கேட்போம்: எதுவரைக்கும்? வட்டி உண்டா? பிறகு என்ன தரணும்?