தோளின் ஒத்துழையாமை

சட்டை போட்டுக் கொள்வது ஒரு வித்தை என்ற உண்மை நமக்கு ஐம்பத்திரண்டாவது வயதில்தான் தெரிய வந்தது. ஒரு நாள் காலையில் வழக்கம்போல் வலது கையை முதலில் நுழைத்துவிட்டு, இடது கையைப் பின்புறமாகக் கொண்டு போனோம். கை போக மறுத்தது. சற்று வற்புறுத்திப் பார்த்தோம். உடனே தோளில் எழுந்த வலியை வருணிப்பதில் பிரயோஜனமில்லை. அனுபவித்தவர்களுக்கு அது தெரியும். அனுபவிக்காதவர்களுக்குத் தெரியவே வேண்டாம்.

அடுத்த சில தினங்களில் நமது தோள் ஊர்ப் பொதுச் சொத்தாகிவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்து ஓர் அபிப்பிராயம் சொன்னார்கள். வாயுப் பிடிப்பு என்றார் ஒருவர். உருளைக்கிழங்கை நிறுத்தச் சொன்னார் இன்னொருவர். தலையணையைக் குற்றம் சாட்டினவர்களும் உண்டு. எதிர் வீட்டு நண்பர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "இடது பக்கம் ஆயிற்றே, இருதயத்தைப் பார்த்துக் கொண்டீர்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதுதான் நியாயமான கேள்வி. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ வலி வந்து, கூடவே மார்பில் இறுக்கமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் இருந்தால், தோளைப் பற்றி ஆராய்ந்து கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நமக்கு அவை ஒன்றும் இல்லை. கையை அசைத்தால் வலித்தது; இரவில் அந்தப் பக்கம் திரும்பினால் தூக்கம் போயிற்று. அவ்வளவுதான்.

அந்த வாரம் ஊரிலிருந்து நமது தமக்கையார் வந்திருந்தார். நாம் சட்டையுடன் மல்யுத்தம் செய்வதைச் சற்று நேரம் பேசாமல் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "ஏண்டா, வலிக்கிற கையை முதல்லே விடு. நல்ல கை தானே பின்னாலே வரும். கழற்றும்போது நல்ல கையை முதல்லே எடு" என்றார். அப்படியே செய்தோம். அரை நிமிஷத்தில் சட்டை ஏறிவிட்டது.

"உனக்கு எப்படித் தெரியும், அக்கா?" என்று கேட்டோம்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாலே எனக்கு வந்ததே!" என்றார்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷ காலம் அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழவில்லையாம். பேத்தியைத் தரையில் உட்கார வைத்துத் தாம் நாற்காலியில் அமர்ந்து தலை பின்னியிருக்கிறார். கொடியில் புடவை உலர்த்துவதை வேலைக்காரியிடம் விட்டிருக்கிறார். நாம் எத்தனையோ முறை போய் அவர் கையால் சாப்பிட்டு வந்தோம்; ஒன்றையும் கவனிக்கவில்லை.

டாக்டர் நமது கையைத் தாமே பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்து, முன்கையைக் கதவு திறப்பது போல் வெளிப்புறமாகத் திருப்ப முயன்றார். பாதி வழியில் கை நின்றுவிட்டது. இந்தச் சோதனையின் நுட்பம் பின்னால்தான் புரிந்தது. தசைநார் கிழிந்திருந்தால் நோயாளியால் கையைத் தூக்க முடியாவிட்டாலும் பிறர் தூக்கினால் பெரும்பாலும் எழும். இந்த நோயிலோ, யார் தூக்கினாலும் எழாது. எலும்பில் கோளாறில்லை என்று எக்ஸ்ரே தெரிவித்தது.

இதற்கு 'உறைந்த தோள்' என்று பெயர் வைத்தவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து அறுவை வைத்தியர் எர்னஸ்ட் காட்மன். தோளைப் பற்றி 1934-ல் அவர் வெளியிட்ட பெரிய நூலில் இந்தப் பெயர் வருகிறது. அதற்கு முன்பே, 1872-ல், பிரான்ஸ் தேசத்து டாக்டர் டுப்ளே வேறொரு பெயரில் இதை விவரித்திருந்தார். காட்மன் விசித்திரமான மனிதர். சிகிச்சை பலித்ததா இல்லையா என்று ஒவ்வொரு நோயாளியையும் பின்தொடர்ந்து பார்த்து ஊரறியச் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. 1911 முதல் 1916 வரை தம் சொந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்ற 337 பேர் விஷயத்தில் 123 பிழைகள் நேர்ந்தன என்று தாமே அச்சிட்டு வெளியிட்டார்! சக வைத்தியர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. அத்தகையவரே இந்த நோயை விளக்குவதும் கடினம், குணப்படுத்துவதும் கடினம் என்று ஒப்புக்கொண்டார் என்றால், நமது எதிர் வீட்டு நண்பரை நாம் குறை கூறலாமா?

ஜப்பானியர் இதை 'ஐம்பது வயதுத் தோள்' என்கிறார்கள். நம் சித்த வைத்தியர்கள் கும்பவாதம் என்ற நோயை இதனுடன் ஒப்பிடுகிறார்கள்.

தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. ஜிப்பாவின் அக்குளில் தையற்காரர் தாராளமாகத் துணி விடுகிறாரே, அதுபோல் இந்த உறையிலும் அடிப்புறத்தில் தளர்ந்த மடிப்பு உண்டு. அந்தத் தளர்ச்சி இருப்பதால்தான் கை தலைக்கு மேல் எழுகிறது. என்ன காரணத்தாலோ உறையில் அழற்சி தோன்றி, அது தடித்து, சலவையில் சுருங்கிய ஜிப்பாவைப் போல் இறுகிவிடுகிறது. சாதாரணமாக 15 முதல் 30 மில்லி வரை திரவம் கொள்ளும் உறையில், அப்போது 10 மில்லிக்குக்கூட இடமிருப்பதில்லை.

நோய் மூன்று பருவமாக நடக்கிறது. முதற் பருவம் வலி, கை நாளுக்கு நாள் குறுகும், ராத்திரி நரகம். இது சில வாரங்களிலிருந்து ஒன்பது மாதம் வரை நீடிக்கலாம். அடுத்தது, வலி குறைந்து விறைப்பு மட்டும் நிற்கும் பருவம். நாலு மாதம் முதல் ஒரு வருஷம். மூன்றாவதாக உறைவு மெதுவாக இளகுகிறது. இதற்கு ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருஷமும் ஆகலாம். "தானே சரியாகிவிடும்" என்று முன்பெல்லாம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் 1992-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சராசரி ஏழு வருஷம் கழித்துப் பரிசோதித்தபோதும் பாதிப் பேருக்குச் சிறிது வலியோ விறைப்போ மிச்சமிருந்தது தெரிய வந்தது.

நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு இது வருவதாகக் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயது. பெண்கள் சற்று அதிகம். தைராய்டுக் கோளாறு உள்ளவர்களுக்கும், எலும்பு முறிவாலோ பக்கவாதத்தாலோ கையை வெகு நாள் அசைக்காமல் வைத்திருந்தவர்களுக்கும் வரலாம். எல்லாவற்றையும்விட முக்கியமான உறவு நீரிழிவுடன்தான். நீரிழிவு உள்ளவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் தோள் உறைகிறது. சிலருக்கோ தோள்தான் முதலில் பேசுகிறது. சர்க்கரை பின்னால் அகப்படுகிறது.

நமக்கு அப்படித்தான் அகப்பட்டது. தோளைக் காட்டப் போன இடத்தில் டாக்டர் இரத்தத்துக்கும் எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றில் 148 என்று வந்தது. காப்பியில் சர்க்கரை போயிற்று; மாத்திரை வந்தது. இதைத் தமக்கையாரிடம் சொன்னபோது அவர் வெகு நேரம் பேசவில்லை. அவரும் அன்று ஒரு முறை வைத்தியரிடம் போயிருக்கிறார். அவர் வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். இரத்தம் பார்க்கச் சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்துக் காலில் ஒரு புண் ஆறாமல் போனபோதுதான் சர்க்கரை இருப்பது தெரிந்தது. வலது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. செருப்பு உராய்ந்த புண் என்றுதான் அப்போது நமக்குச் சொல்லியிருந்தார்.

இனிச் சிகிச்சை. வலி மிகுந்த முதற் பருவத்தில் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், அது நல்ல சுகம் கொடுக்கிறது. நாம் போட்டுக்கொண்ட அன்று இரவு, இரண்டு மாதத்துக்குப் பின் முதன்முறையாக விடியும் வரை தூங்கினோம். ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் அளவு ஏறும். அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். விறைப்பு முற்றிய பிறகு ஊசியால் பலன் குறைவு.

தேகப்பயிற்சியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வலியைப் பொறுத்துக்கொண்டு எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைத்திருந்தோம். அது தவறு. நெதர்லாந்தில் 77 நோயாளிகளை இரண்டு வருஷம் கவனித்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். வலி எல்லைக்குள் மெதுவாகப் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 89 பேர் ஏறக்குறையப் பூரண குணமடைந்தார்கள். கடுமையாக இழுத்துப் பயிற்சி பெற்றவர்களில் 63 பேர்தான். இது தெரியாத காலத்தில், சுளுக்கு எடுப்பதில் கைராசிக்காரர் என்று பெயர் பெற்ற ஒருவரிடம் நாம் போயிருந்தோம். அவர் காலை நம் விலாவில் ஊன்றிக் கையை இழுத்தார். அதற்குப் பிறகு பத்து நாள் நாம் யாருக்கும் கும்பிடு போட முடியவில்லை. எண்ணெயைச் சுட வைத்து இதமாகத் தடவி வெந்நீர் ஒற்றடம் கொடுப்பதில் தோஷமில்லை, இழுப்பதில்தான் ஆபத்து.

நமக்கு ஒத்துக்கொண்ட பயிற்சிகள் எளியவை. மேஜையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, நோவுள்ள கையைக் கடிகாரப் பெண்டுலம் போல் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக ஆட்டுவது. துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து மேல் கையால் கீழ்க் கையை மெல்லத் தூக்குவது. சுவரைப் பார்த்து நின்று விரல்களை நண்டு நடப்பது போல் மேலே ஏற்றுவது. வெந்நீர் ஸ்நானத்துக்குப் பின் செய்தால் கை சற்று இசைகிறது. இரவில் நோவில்லாத பக்கம் படுத்து, மார்போடு ஒரு தலையணையை அணைத்து அதன்மேல் கையைச் சார்த்திக்கொண்டால் தூக்கம் வரும்.

இத்தனைக்கும் இசையாத தோளுக்கு வேறு வழிகளும் உண்டு. உறைக்குள் உப்பு நீரைச் செலுத்தி விரிய வைக்கலாம். மயக்க மருந்து கொடுத்துக் கையை அசைத்து உறையை இளக்கலாம். சிறு துவாரம் வழியே கருவியை நுழைத்து இறுகிய பாகத்தை வெட்டி விடலாம். எது மேல்? பிரிட்டனில் 35 ஆஸ்பத்திரிகளில் 503 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். மயக்கத்தில் அசைப்பது, துவார அறுவை, ஊசியுடன் கூடிய முறையான பயிற்சி, இம்மூன்றில் ஒரு வருஷ முடிவில் எதுவும் மற்றவற்றைத் தெளிவாக வெல்லவில்லை. கடுமையான பக்க விளைவுகள் அறுவையில்தான் சற்று அதிகம் காணப்பட்டன. ஆகவே முதல் மாதத்திலேயே கத்தியைத் தேடி ஓட வேண்டியதில்லை.

நமது வீட்டுக் கூடத்துச் சுவரில், குழந்தைகளின் உயரத்தைக் குறித்து வைத்த இடத்துக்கு அருகில், இப்போது வேறு சில பென்சில் கோடுகள் இருக்கின்றன. விரல் ஏறிய உயரத்தை மாதத்துக்கு ஒரு முறை தேதியிட்டுக் குறித்து வந்தோம். இருபதாவது மாதக் கோடு காலண்டர் ஆணியைத் தொட்டுவிட்டது. தமக்கையார் இம்முறை வந்தவர் ஊர் திரும்பவில்லை, நம்முடனேயே இருக்கிறார். ஒரு நாள் காலையில் பார்த்தால் நமது கோடுகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு, அவர் கையெழுத்தில் தேதியுடன் காணப்பட்டது. "எட்டு வருஷம் ஆனால் என்னடா, பார்ப்போமே!" என்றார். அவருடைய கோடு நமது கோட்டுக்கு நாலு அங்குலம் கீழே நிற்கிறது. போன மாதம் ஆறு அங்குலமாக இருந்தது.